600 வெள்ளிச் சப்பாத்துக்கு முன் ஒரு வெள்ளி

பீடோரில் விடிகாலையில் நடக்கவும் ஓடவும் கிளம்புகிறவர்களின் கால்களைக் கவனியுங்கள். மூன்று வகைச் சப்பாத்து கண்ணில் படும். ஈப்போ பேரங்காடியில் 600 வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கியது ஒன்று. பாசார் மாலாமில் பேரம் பேசி வாங்கிய, பெரிய நிறுவனத்தின் பெயர் பொறித்த போலி இன்னொன்று. மூன்றாவது, தோட்டத்து ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த ‘அடிடாஸ் கம்போங்’.

பால்வெட்டுக்கும் செம்பனைக் காட்டுக்கும் போனவர்களின் கால்களைக் காத்தது அந்தக் கறுப்புக் கித்தாச் சப்பாத்துதான். அடியில் புடைப்புகள் இருப்பதால் சேற்றில் வழுக்காது. நனைந்தால் தண்ணீரை உதறிவிட்டு மறுபடி மாட்டிக்கொள்ளலாம். மலையேறுகிறவர்கள் இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள். ஆனால் உள்ளே மெத்தை கிடையாது, பாத வளைவைத் தாங்க எதுவும் கிடையாது. தார்ச் சாலையில் ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. 70 கிலோ ஆளுக்கு அது 140 முதல் 210 கிலோ. தோட்டத்து மண் அதில் கொஞ்சத்தை வாங்கிக்கொண்டது. தார் அப்படி வாங்காது.

தோட்டத்தில் பிறந்த தலைமுறைக்கு இன்று ஐம்பது, அறுபது வயது. பாதுகாவலர் வேலை, தொழிற்சாலை, சாலையோரக் கொய்யாக் கடை என்று நாள் முழுக்க நின்றவர்கள். டாக்டர் “நடங்க” என்றதும் முதலில் சப்பாத்துக் கடைக்குத்தான் போகிறார்கள். எது நல்ல சப்பாத்து என்று கேட்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது: வலி எங்கே?

வலிக்கு ஏற்ற சப்பாத்து

காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியிலேயே குதிகாலில் சுரீர் என்று குத்துகிறதா? கொஞ்சம் நடந்ததும் குறைந்து, வெகுநேரம் நின்றால் திரும்பி வருகிறதா? குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஓடும் தடித்த நார்ப்பட்டை நொந்திருக்கலாம். கூடுதல் எடை, இறுகிய கெண்டைக்கால், நெடுநேரம் நிற்பது ஆகிய மூன்றும் இதைக் கிளப்பும். குதிகாலில் மெத்தையும் நடுவில் தாங்கலும் உள்ள சப்பாத்து ஆறுதல் தரும். கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியும் கூடவே வேண்டும்.

குதிகாலுக்குப் பின்னே உள்ள தடித்த நரம்பு போன்ற தசைநாணில் வலி என்றால், குதிப்பகுதி முன்பகுதியைவிட 8 முதல் 12 மில்லிமீட்டர் உயர்ந்த சப்பாத்து நல்லது. தட்டையானது கெண்டைக்காலை மேலும் இழுக்கும். பெருவிரல் மூட்டு இறுகிப்போனவர்களுக்கு, படகின் அடிபோல் முன்பக்கம் வளைந்து உருளும் அடித்தளம் உதவும்.

தட்டைப் பாதம் உள்ளவர்களுக்குக் கால் உட்பக்கம் சாயும். அதைத் தடுக்க உட்பக்க நுரையைக் கெட்டியாக்கியோ அடிப்பாகத்தை அகலமாக்கியோ செய்யும் ரகங்கள் உண்டு. 1993இல் வந்த ஆசிக்ஸ் ஜெல்-கயானோ இவற்றில் பேர்பெற்றது. வடிவமைத்த தொஷிகாசு கயானோவின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது.

ஆய்வு என்ன சொல்கிறது?

ஈரக்காலைத் தரையில் வைத்து, பதியும் தடத்தைப் பார்த்துச் சப்பாத்து தேர்ந்தெடுக்கும் முறையை அமெரிக்க ராணுவம் தன் புதிய வீரர்களிடம் சோதித்தது. காயங்கள் குறிப்பிடும்படி குறையவில்லை. 2014இல் வெளியான டென்மார்க் ஆய்வு, புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேருக்குச் சாதாரணச் சப்பாத்தே கொடுத்தது. கால் உட்பக்கம் சாய்கிறவர்களுக்குக் காயம் கூடுதலாக வரவில்லை. 2016இல் லக்சம்பர்க்கில் 372 பேரிடம் நடந்த ஆய்வு வேறு மாதிரி முடிந்தது: சாய்வைத் தடுக்கும் சப்பாத்து போட்டவர்களுக்குக் காயம் குறைந்தது; பலன் பெரும்பாலும் கால் சாய்கிறவர்களுக்குத்தான்.

சேர்த்துப் பார்த்தால் விஷயம் எளிது. தட்டைப் பாதம் இருந்தும் வலி இல்லையென்றால் அதைத் திருத்தச் செலவழிக்க வேண்டாம். வலி இருந்தால் தாங்கல் உள்ளதைப் போட்டுப் பார்க்கலாம். பெட்டியில் எழுதியிருப்பதைவிடக் காலுக்கு இதமாக இருக்கிறதா என்பதே நல்ல அளவுகோல்.

கையில் எடுத்துப் பாருங்கள்

கடைக்குச் சாயங்காலம் போங்கள். கால் அப்போதுதான் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் காலுறையோடு இரண்டு காலிலும் மாட்டி, எழுந்து நின்று பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். முன்பாதம் அகலமானால் 2ஈ, 4ஈ அளவு கேளுங்கள்.

பிறகு சப்பாத்தைக் கையில் எடுத்துக் குதியின் பின்பக்கத்தை இரு விரலால் அமுக்குங்கள். தாங்கல் உள்ளது சட்டென்று மடங்காது. முனையையும் குதியையும் பிடித்து வளைத்தால், விரல்கள் மடங்கும் இடத்தில்தான் வளைய வேண்டும். நடுவில் இரண்டாக மடிந்தாலோ, துணி பிழிவதுபோல் முறுக்க முடிந்தாலோ வைத்துவிடுங்கள். பல போலிகள் இங்கேயே பிடிபடும்.

மலிவு விலையில் கிடைக்கும் பழைய இருப்பிலும் கவனம் தேவை. பாலியூரித்தேன் அடித்தளம் நம் ஊர் ஈரக் காற்றில், பெட்டிக்குள் இருந்தபடியே உளுத்துப்போகும். போட்டு ஓடிய அன்றே பிய்ந்து உதிரும். நல்ல சப்பாத்தின் மெத்தையும் 500 முதல் 800 கிலோமீட்டரில் ஓய்ந்துவிடும். வாரம் 20 கிலோமீட்டர் ஓடினால் ஆறு முதல் ஒன்பது மாதம்.

இனிப்பு நீர் இருந்தால்

இதமே அளவுகோல் என்ற விதி செல்லாத இடம் ஒன்று உண்டு. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், இந்தியர்களில் 31.4 விழுக்காடு. நாள்பட்ட இனிப்பு நீர் பாதத்து உணர்வைத் திருடிவிடும். உள்ளே கிடக்கும் சிறுகல் தெரியாது, தையல் உரசுவது தெரியாது, கொப்புளம் புண்ணாவதும் தெரியாது. “இதமாத்தான் இருக்கு” என்று அந்தக் கால் சொல்வதை நம்ப முடியாது.

இவர்கள் சப்பாத்துக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்த பிறகே போட வேண்டும். புதியதை முதலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போடாமல், கழற்றியதும் பாதத்தில் சிவந்த இடம் உண்டா என்று பார்க்க வேண்டும்.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. அங்கே 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் பல இடங்களில் தொட்டு, உணர்வு இருக்கிறதா என்று சோதிப்பார்கள். இனிப்பு நீர் உள்ளவர் 600 வெள்ளி எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குப் பஸ் ஏறும் முன் இந்த ஒரு வெள்ளியைச் செலவழித்துவிட வேண்டும். எந்த மாதிரிச் சப்பாத்து கேட்க வேண்டும் என்பதே அதற்குப் பிறகுதான் தெரியும்.