ஆடாத நமக்கு ஏன் வலிக்கிறது?

2023 நவம்பர் 19, அகமதாபாத். தொடர்ந்து 10 ஆட்டங்களில் வென்றிருந்த இந்தியா, கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதியில் 240 ரன்னில் சுருண்டது. டிராவிஸ் ஹெட் 137 ரன் விளாச, ஆஸ்திரேலியா கோப்பையைத் தூக்கிச் சென்றது.

வலியைக் கூட்டியது அந்த 10 வெற்றிகள்தான். மூளையின் டோபமைன் செல்கள், எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிடுகின்றன. நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் இதைக் குரங்குகளிடம் கண்டார்: பழகிய நேரத்தில் பழச்சாறு வராவிட்டால், அந்தச் செல்களின் துடிப்பு வழக்கத்தைவிடத் தாழ்ந்துவிடுகிறது. நமக்கோ ஒவ்வொரு வெற்றியும் நம்பிக்கையை ஏற்றிக்கொண்டே போனது!

உடலும் தப்புவதில்லை. 2014 கால்பந்து உலகக் கோப்பையின்போது பிரேசில் ரசிகர்களின் உமிழ்நீரைச் சோதித்தார்கள். தோற்ற ஆட்டத்தில் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் எகிறியது. அணியோடு ஒன்றிப்போனவர்களுக்கே அது மிக அதிகம். அகமதாபாத் தோல்வியன்று இரவு சோறு இறங்கவில்லை என்றவர்கள் மிகைப்படுத்தவில்லை என்றே நம்புகிறேன்.