ஸ்பானிஷ் படிக்க எந்த ஊருக்குப் போறது?



டிப்ளமா முடித்ததும் நம்மில் பலர் முதலிபாளையம் சிட்கோவிலோ திருப்பூரிலோ ஒரு பனியன் கம்பெனியில்தான் சேரப் போகிறோம். செக்கிங்கில் ஆரம்பித்தாலும் கண் என்னவோ மெர்ச்சண்டைசர் நாற்காலி மேலேதான். "அதுக்கு ஸ்பானிஷ் படிச்சா நல்லதுங்க" என்று சொல்பவர்கள் உண்டு. உடனே ஏஜென்ட் நோட்டீஸைப் பார்த்து, வீட்டில் எடுத்த சீட்டுப் பணத்தைக் கட்டிவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள். எதற்குப் படிக்கிறோம் என்று தெரிந்தால்தான் எங்கே படிப்பது என்பது தெரியும்.

இங்கிலீஷ் போதாதா?

ஆர்டர் மெயில்கள் பெரும்பாலும் இங்கிலீஷில்தான் ஓடுகின்றன. ஆனால் லேபிள் அப்படியல்ல. இன்-பிளாண்ட் டிரெயினிங் போன இடத்தில் ஒரே பனியனுக்கு ஏழெட்டு மொழியில் லேபிள் ரோல் பார்த்தேன். ஐரோப்பிய யூனியனின் 1007/2011 விதிப்படி, என்ன நூல், எத்தனை சதவீதம் என்பது பொதுவாக விற்கும் நாட்டு மொழியில் இருக்க வேண்டும். ஸ்பெயினுக்குப் போகிற சரக்கில் '100% அல்கொதோன்' என்று இருக்கும். அல்கொதோன் என்றால் பருத்தி. மெக்சிகோவும் ஸ்பானிஷ் லேபிள் கேட்கும் நாடுதான்.

ஒரே மொழி, பல பேச்சு

ஸ்பானிஷை ஆட்சிமொழியாகக் கொண்ட நாடுகள் 20 இருக்கின்றன. நெல்லைத் தமிழும் நம்ம கொங்குத் தமிழும் போலத்தான் அவர்கள் பேச்சும். நாம் 'ஜாரா' என்கிற கம்பெனிப் பெயரை ஸ்பெயினில் பெரும்பாலும் 'தாரா' என்பார்கள், மெக்சிகோவில் 'சாரா'.

நம்ம சரக்கான டி-ஷர்ட்டையே பாருங்கள். ஸ்பெயினிலும் கொலம்பியாவிலும் அது 'கமிசேத்தா'. மெக்சிகோவில் 'பிளாயேரா'. அர்ஜென்டினாவில் 'ரெமேரா'. சிலியில் 'பொலேரா'. ஆனால் அர்ஜென்டினாக்காரர் 'பொலேரா' என்றால் கழுத்து உயர்ந்த பனியன்! பெரு நாட்டில் டி-ஷர்ட்டுக்கு 'போலோ' என்று பெயர். ஸ்பெயினில் 'போலோ' என்றால் காலர் வைத்தது. பேச்சில் இது புரியாமல் சாம்பிள் தைத்தால் துணியும் போச்சு, நாளும் போச்சு.

எந்த ஊர்?

ஜாராவின் தாய்க் கம்பெனியான இன்டிடெக்ஸ், ஸ்பெயினின் கலீசியாவில் ஆர்தெய்ஷோ என்ற ஊரில் இருக்கிறது. மாங்கோ கம்பெனி பார்சிலோனா பக்கம். அதனால் அங்கேயே போய்ப் படிப்போம் என்று தோன்றும். ஆனால் பார்சிலோனா தெருவில் கத்தலான் மொழியும், கலீசியாவில் கலீசிய மொழியும் சேர்ந்து காதில் விழும். புதிதாகப் படிக்கிறவனுக்கு சாலமன்கா, வயதோலித் போன்ற ஊர்கள் நல்லது. வகுப்பிலும் கடையிலும் ஒரே மொழிதான். சாலமன்கா பல்கலைக்கழகம் 1218-இல் தொடங்கியது.

லத்தீன் அமெரிக்க பையர்களோடுதான் வேலை என்றால் கணக்கு வேறு. குவாத்தமாலாவின் ஆன்டிகுவா, ஒரு வாத்தியாருக்கு ஒரு மாணவன் என்ற முறையில் குறைந்த செலவில் சொல்லித் தரும் பள்ளிகளுக்குப் பேர் போனது. கொலம்பியாவின் மெதயின் நம்ம திருப்பூர் மாதிரி ஜவுளி ஊர். ஆண்டுதோறும் ஜனவரியில் 'கொலம்பியாடெக்ஸ்' கண்காட்சி நடக்கும். ஆனால் விமானக் கட்டணத்தையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

பிளேன் ஏறுமுன்

1. ஏ1, ஏ2 நிலைகளை இங்கேயே முடியுங்கள். டெல்லியில் ஸ்பெயின் அரசின் இன்ஸ்டிட்யூட்டோ செர்வான்டிஸ் இருக்கிறது. அதன் பாடங்களை ஆன்லைனிலும் படிக்கலாம். வினைச்சொல் வாய்ப்பாட்டை யூரோ கொடுத்து மனப்பாடம் செய்வானேன்? அங்கே போவது வாய் திறந்து பேசிப் பழகத்தான்.

2. ஸ்பெயினில் பள்ளி பிடிக்கும்போது செர்வான்டிஸின் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள்.

3. 90 நாளுக்கு மேல் படிப்பு என்றால் மாணவர் விசா வேண்டும். 2025 கணக்குப்படி மாதம் 600 யூரோ வீதம் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். பார்ட் டைம் வேலை பார்த்துச் சமாளிக்கலாம் என்ற நினைப்பில் கிளம்ப வேண்டாம்.

4. 'டெலே' பரீட்சைச் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். 'சியெலே' சான்றிதழ் 5 ஆண்டுகளுக்குத்தான்.

என்னைக் கேட்டால், முதலில் இங்கே ஓராண்டு வேலை; மாலையில் ஏ1, ஏ2. அதற்குள் நம்ம கம்பெனி சரக்கு எந்த நாட்டுக்குப் போகிறது என்று தெரிந்துவிடும். பிறகு சேர்த்த பணத்தில் மூன்று மாதம் அந்தப் பேச்சு நடக்கிற ஊர்.

பயப்படாதீர்கள் நண்பர்களே! ஸ்பானிஷில் 'பெரோ' என்றால் 'ஆனால்'. 'ர'வை அழுத்தி உருட்டினால் நாய். சின்ன வயசிலேயே ர, ற வித்தியாசம் படித்தவர்கள் நாம். மேசைக்கு அவர்கள் சொல்வதும் 'மேசா'தான், அலமாரி 'அர்மாரியோ'. பாதி வீடு தெரிந்த வீடுதான், தைரியமாக உள்ளே போகலாம்!