வீழ்ந்த மரத்தின் மறுவாழ்வு

புயல் ஓய்ந்த மறுநாள் தெருவில் நாம் காண்பதென்ன? வேரோடு சாய்ந்த மரங்கள். கோடரியுடன் வரும் ஆட்கள். “விழுந்த மரம் அடுப்புக்குத்தான்” என்பது பலரது முடிவு. அம்முடிவு எவ்வளவு தவறானது என்பதை அமெரிக்காவின் கருப்பு வால்நட் மரம் நமக்குக் காட்டுகிறது.

நாம் கடையில் வாங்கும் அக்ரூட் பருப்பைத் தரும் மரத்திற்கு இது நெருங்கிய உறவு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குப் பகுதியே இதன் தாயகம். மரத்தின் வெளிப்புற வெளிறு வெண்மையானது. உள்ளிருக்கும் வைரமோ சாக்லேட் நிறமுடையது. மேசை, நாற்காலி செய்ய மிகச் சிறந்தது. ஆயினும், வீட்டு முற்றத்தில் வளர்ந்து விழுந்த மரத்தைப் பெரிய வாள்பட்டறைகள் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஏன் தெரியுமா? கொடி கட்ட என்றோ அடித்த ஆணியும் வேலிக் கம்பியும், மரம் பருக்கப் பருக்க உள்ளே மறைந்துவிடும். வாளின் பல் அதில் பட்டால் பழுதாகும். எனவே சிறு பட்டறைக்காரர்களே உலோகம் காட்டும் கருவியால் சோதித்து இம்மரங்களை அறுக்கின்றனர்.

முதற்கண் அடிமரத்தின் இரு முனைகளிலும் மெழுகு பூச வேண்டும். முனைகளின் வழியே ஈரம் மிக விரைவாக வெளியேறுவதால், பூசாவிடில் அங்கே வெடிப்பு தோன்றும். அடுத்து அறுப்பு. ஒரே போக்கில் பலகை பலகையாக அறுத்தால், ஆண்டு வளையங்கள் மலைமுகடு போன்ற அழகிய கோலமாகத் தோன்றும். வளையங்களுக்குக் குறுக்காக அறுத்தால் நேர்கோடுகள் தோன்றும். பலகையும் அதிகம் வளையாது. ஆனால் மரம் சற்று வீணாகும்.

அறுத்தவுடன் வேலை முடிந்ததா? இல்லை, பொறுமைக்குச் சோதனையே இனிமேல்தான். உலர்ந்த நிலையில் 100 கிலோ எடையுள்ள வைரம், பச்சையாக இருந்தபோது ஏறத்தாழ 90 கிலோ நீரைத் தாங்கியிருந்தது! அவசரப்பட்டு வெயிலில் போட்டால், மேற்புறம் சுருங்கும், உட்புறம் ஈரமாகவே இருக்கும், பலகை பிளக்கும். ஆகவே நிழலில், தரையில் படாமல், பலகைகளுக்கிடையே ஒரே கனமுள்ள குச்சிகளை வைத்துக் காற்றோட்டமாக அடுக்குவர். வளையாதிருக்க மேலே பாரம் ஏற்றுவர். ஓர் அங்குலக் கனத்திற்கு ஓர் ஆண்டு என்பது தச்சர்களின் கணக்கு. பின்னர் சூடான அறையில் வைத்து ஈரத்தை 6 முதல் 8 விழுக்காடாகக் குறைப்பர்.

இம்மரத்தால் புகழ் பெற்றவர் ஜார்ஜ் நகஷிமா (1905–1990). ஜப்பானிய வழிவந்த இந்த அமெரிக்கர், 1930-களில் நம் புதுச்சேரிக்கு வந்து, ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டடப் பணியில் உழைத்தவர். தாயகம் திரும்பிய அவரை, போர்க்காலமான 1942-இல் ஜப்பானிய வழியினர் என்பதற்காகவே அரசு குடும்பத்துடன் முகாமில் அடைத்தது. அங்கும் அவர் சோர்ந்துவிடவில்லை. முகாமிலிருந்த ஜப்பானியத் தச்சர் ஒருவரிடம் தொழில் நுணுக்கம் கற்றார். பின்னாளில் பென்சில்வேனியாவில் பட்டறை அமைத்து, வால்நட் பலகையின் வெடிப்பை மறைக்காமல், வண்ணத்துப்பூச்சி வடிவ மரத்துண்டால் இணைத்து மேசைகள் செய்தார். பிறர் குறையெனக் கழித்தது அவர் கையில் அழகாயிற்று.

அன்புத் தோழியரே! அடுத்த புயலில் உங்கள் வீட்டு வேம்போ பலாவோ சாய்ந்தால், கோடரிக்காரரை அழைக்குமுன் ஒரு தச்சரை அழைத்துக் காட்டுங்கள். அறுபது ஆண்டு வளர்ந்ததை ஒரே நாளில் சாம்பலாக்க வேண்டாம். ஓராண்டு பொறுத்தால், அதே மரம் உங்கள் படிப்பு மேசையாக உங்களோடு வாழும்.