"உன் ஆள்கள் எந்தப் பக்கம், பிள்ளை?"

அயர்லாந்தின் மேற்குக் கரையில், கிளேர் மாவட்டத்து வயலோரம் ஒன்றில் ஒரு முதிய விவசாயி என்னிடம் கேட்ட கேள்வி இது. "மலேசியா, பேராக்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "சரி, அதற்கு முன்பு?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

நான் அங்கு போனது என் பூர்வீகத்தைத் தேடி அல்ல. கால்வே நகரில் என்னோடு மருத்துவம் படிக்கும் ஆஸ்திரேலியத் தோழிக்குத் துணையாகப் போனேன். ஆறு தலைமுறைக்கு முன்பு, 1850இல், அவளுடைய மூதாட்டி பதினாறு வயதில் தனியாகக் கப்பலேறி சிட்னிக்குப் போனவர். குடும்பத்தில் எஞ்சியிருந்த தகவல் ஒரே ஒரு சொல்: 'கிளேர்'.

பஞ்சம் பிரித்த குடும்பங்கள்

1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரைக் கருகல் நோய் தாக்கியது. ஏழைகளுக்கு வேறு உணவு இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டனர். ஏறக்குறைய அதே அளவு மக்கள் நாட்டை விட்டு வெளியேறினர். பெற்றோரை இழந்த பிள்ளைகள் ஏழைகள் விடுதிகளில் அடைக்கப்பட்டனர். 1848 முதல் 1850 வரை, அந்த விடுதிகளிலிருந்து 4,000க்கும் மேற்பட்ட பெண்பிள்ளைகள் பிரிட்டிஷ் அரசாங்கத் திட்டம் ஒன்றின்கீழ் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டனர். தோழியின் மூதாட்டி அவர்களில் ஒருவர்.

சிட்னியில் இறங்கியவர்களின் பெயர்ப் பட்டியலில் பெற்றோர் பெயரும் சொந்த ஊரும் எழுதப்பட்டிருந்தன. தோழி முதலில் தேடிப் பிடித்தது அந்தப் பக்கத்தைத்தான். ஊர்ப்பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார். அப்படி ஓர் ஊர் எந்த வரைபடத்திலும் இல்லை!

எரிந்த ஏடுகள்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்தால் போதுமே என்று நான் நினைத்தேன். அது அவ்வளவு எளிதல்ல. 1922 ஜூன் 30ஆம் தேதி, உள்நாட்டுப் போரின்போது, டப்ளினில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்பு ஏடுகளில் பெரும்பகுதி அன்று சாம்பலானது. 1861, 1871 கணக்கெடுப்புத் தாள்களை அரசாங்கம் முன்னரே அழித்துவிட்டிருந்தது. 1881, 1891ஆம் ஆண்டுத் தாள்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் கூழாக்கப்பட்டன. முழுமையாகக் கிடைப்பவற்றில் மிகப் பழையது 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புதான், அதற்கடுத்தது 1911.

ஆகவே சுற்றுவழி தேவைப்பட்டது. அயர்லாந்து தேசிய நூலகம் கத்தோலிக்கப் பங்குக் கோயில்களின் பழைய பதிவேடுகளை 2015 முதல் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. மூதாட்டியின் திருமுழுக்குப் பதிவு கிடைக்கவில்லை. அந்தப் பங்கின் ஏடு அவர் பிறந்த பிறகுதான் தொடங்குகிறது. ஆனால் அதே பெற்றோர் பெயருடன் ஒரு தம்பியின் பதிவு கிடைத்தது. பக்கத்தில் ஊர்ப்பெயரும் தெளிவாக இருந்தது. கப்பல் பட்டியலில் இருந்த அந்த விநோதப் பெயரை வாய்விட்டுப் படித்தால், ஏறக்குறைய அதே ஒலி.

அயர்லாந்தில் 60,000க்கும் அதிகமான சிற்றூர்ப் பிரிவுகள் உள்ளன. அவற்றை 'டவுன்லேண்ட்' என்பார்கள். சிலவற்றில் நாலைந்து வீடுகள்தாம் இருக்கும். அந்தப் பெயர் கிடைத்துவிட்டால் மற்ற கதவுகளும் திறக்கும். நிலவரி மதிப்பீட்டுக்காக எந்த நிலத்தில் யார் குடியிருந்தார் என்று எழுதிய 'கிரிஃபித் மதிப்பீடு' கிளேர் மாவட்டத்துக்கு 1855இல் வெளிவந்தது. அதில் அந்தச் சிற்றூரில் அதே குடும்பப் பெயருடன் ஒருவர் இருந்தார். அவர் சித்தப்பாவாக இருக்கலாம்.

1901 கணக்கெடுப்பில் அதே ஊரில், அதே குடும்பப் பெயருடன் ஒரு மூதாட்டிக்கு வயது 58. 1911இல் அவருக்கு 72! பத்தே ஆண்டில் பதினான்கு வயது கூடிவிட்டது. நாங்கள் சிரித்துவிட்டோம். 70 வயதானவர்களுக்கு 1909 முதல் ஓய்வூதியம் வழங்கப்பட்டது என்று பிறகுதான் தெரிந்தது. பிறப்புச் சான்று இல்லாத காலத்தில் பலருடைய வயது இப்படித் திடீரென ஏறியது. ஆனால் அதே தாளில் இன்னொரு கட்டமும் இருந்தது. மணமான பெண்களிடம் எத்தனை பிள்ளைகள் பிறந்தனர், எத்தனை பேர் உயிரோடிருக்கின்றனர் என்று கேட்டிருந்தார்கள். அந்த வீட்டு மருமகளின் பெயருக்கு நேரே 9 என்றும் 6 என்றும் எழுதியிருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் சிரிக்கவில்லை.

வயலோரக் கேள்வி

போன மாதம் பேருந்தில் எனிஸ்டைமன் சென்றோம். ஊருக்கு வெளியே, ஏழைகள் விடுதியின் கதவுக்கு முன் வெறுங்காலுடன் நிற்கும் ஒரு குழந்தையின் சிலை உள்ளது. பஞ்சத்தில் மாண்டவர்களுக்காக 1995இல் எழுப்பிய நினைவுச் சின்னம் அது. தோழி அதன் முன்னால் நெடுநேரம் நின்றாள்.

அங்கிருந்து கிராமப்புறச் சாலையில் நடந்து அந்தச் சிற்றூரை அடைந்தோம். வீடு இல்லை. காட்டுச்செடிகளுக்கு நடுவே ஒரு பக்கச் சுவர் மட்டும் நின்றது. பக்கத்து நிலத்துக்காரர்தான் அந்த முதியவர். தோழி குடும்பப் பெயரைச் சொன்னதும், "ஆமாம், அவர்கள் வயல் இது" என்றார், நேற்றுவரை அவர்கள் அங்கே இருந்ததைப்போல. அடக்க முடியாமல் அழுதாள் தோழி. அப்போதுதான் அவர் என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அன்றிரவே பாட்டியைத் தொலைபேசியில் அழைத்தேன். "பாட்டி, தாத்தாவோட அப்பா எந்த ஊரிலேர்ந்து வந்தாரு?" சற்று நேரம் அமைதி. "முசிறிக்குப் பக்கம்னு சொல்வாரும்மா. ஊர்ப் பேரு வாயில வரமாட்டேங்குது. தாத்தா இருந்தப்ப கேட்டிருந்தா பாட்டாப் பாடியிருப்பாரே" என்றார்.

தாத்தா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் வீட்டில் எந்தக் காப்பகமும் எரியவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அயர்லாந்துக் குடும்பங்களில் மூத்த மகனுக்குத் தகப்பனைப் பெற்றவரின் பெயரை வைப்பது பழைய வழக்கம். பதிவேடுகளில் தலைமுறைகளை இணைக்க அது பெரிதும் உதவியது. நாமும் அப்படித்தான், தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்பதால்தான் 'பெயரன்', பேரன் ஆனான். பாட்டியிடம் அடுத்து அதைத்தான் கேட்டேன். கொள்ளுத்தாத்தாவின் பெயர், அவருடைய அப்பா பெயர், குலதெய்வம், கூட வந்த உறவினர்கள் என்று ஒரு பக்கம் நிரம்பியது. ஊர்ப்பெயருக்கான இடம் மட்டும் இன்னும் காலி.

டிசம்பர் விடுமுறைக்கு வீட்டுக்கு வருகிறேன். தாத்தாவின் பழைய தகரப் பெட்டியைத் திறந்து பார்க்கலாம் என்று பாட்டி சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருந்தால், அதைப் பற்றிச் சொல்லக்கூடியவர் பக்கத்தில் இருக்கும்போதே திறந்துவிடுங்கள்.