மணி யார், சுப்பிரமணியன் யார்?
இணையத்தில் மாற்றுப்பெயர்கள்

உங்கள் வகுப்பில் 'மணி' என்று எல்லாரும் அழைக்கும் மாணவர் ஒருவர் இருக்கலாம். பள்ளிப் பதிவேட்டைப் புரட்டினால் அங்கே மணி என்ற பெயரே இராது. 'சுப்பிரமணியன்' என்றுதான் எழுதியிருக்கும். அழைப்பதற்கு ஒரு பெயர், பதிவேட்டுக்கு ஒரு பெயர். இரண்டும் குறிப்பது ஒருவரைத்தான். இதே ஏற்பாடு இணையத்திலும் உண்டு. அது எவ்வாறு செயல்படுகிறது, அதில் கவனம் தவறினால் என்ன நேரும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

எண்ணும் பெயரும்

இணையத்திலுள்ள கணிப்பொறிகள் ஒன்றையொன்று எண்களைக் கொண்டே அடையாளம் காண்கின்றன. இவ்வெண்ணுக்கு ஐ.பி. முகவரி என்று பெயர். ஆனால் மனிதர்களுக்கு எண்களைவிடப் பெயர்களே எளிதில் நினைவில் நிற்கும். 1970களில் அமெரிக்காவின் 'அர்ப்பாநெட்' வலையமைப்பில், எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற பட்டியல் கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் ஒரே கோப்பாகப் பராமரிக்கப்பட்டது. மற்றக் கணிப்பொறிகள் அதைப் படியெடுத்துக்கொண்டன. கணிப்பொறிகள் பெருகப் பெருக இந்த முறை திணறத் தொடங்கியது.

1983ஆம் ஆண்டில் பால் மொக்காபெட்ரிஸ் என்னும் அறிஞர் இதற்கு வழி கண்டார். பட்டியலைப் பகுதி பகுதியாகப் பிரித்து, அவரவர் பகுதியை அவரவரே பராமரிக்கும்படி செய்தார். இதுவே டி.என்.எஸ். எனப்படும் டொமைன் பெயர் அமைப்பு. 1987இல் திருத்தி வெளியிடப்பட்ட இதன் விதிகளே இன்றும் அடிப்படையாக உள்ளன.

இவ்வமைப்பில் பலவகைப் பதிவுகள் உண்டு. ஒரு வகை, பெயருக்கு எண்ணைத் தரும். 'சி-நேம்' என்ற மற்றொரு வகை எண்ணைத் தராது, "இந்தப் பெயரின் பதிவேட்டுப் பெயர் அது, அங்கே போய்க் கேள்" என்று சொல்லும். மணியைத் தேடி வந்தவரிடம் "சுப்பிரமணியன் என்று விசாரியுங்கள்" என்று சொல்வது போன்றதே இது.

மேகத்தில் ஒரு கிடங்கு

மேகச் சேமிப்பகம் என்பது வானில் இல்லை. பெரிய கட்டடங்களில் வரிசை வரிசையாக நிற்கும் கணிப்பொறிகளில் இடத்தை வாடகைக்குப் பெறுவதே அது. அமேசான் நிறுவனத்தின் எஸ்3 சேவை 2006இல் தொடங்கியது. மைக்ரோசாஃப்டின் அஜூர் இவ்வகையில் மற்றொன்று.

ஒரு பள்ளி தன் தேர்வு முடிவுகளை அஜூரில் வைப்பதாகக் கொள்வோம். கிடங்கின் பெயரில் 3 முதல் 24 வரை எழுத்துகளும் எண்களும் இருக்கலாம். அப்பெயர் வேறு எவரிடமும் இருக்கக்கூடாது. 'ஸ்கூல்மார்க்ஸ்27' என்று வைத்தால், பதிவேட்டுப் பெயர் 'ஸ்கூல்மார்க்ஸ்27.பிளாப்.கோர்.விண்டோஸ்.நெட்' என்று நீண்டுவிடும். இதைப் பெற்றோர் எவ்வாறு நினைவில் வைப்பர்? நாளை பள்ளி வேறு சேவைக்கு மாறினால், அச்சிட்ட அறிவிப்புகளில் உள்ள முகவரி பயனற்றுப்போகும்.

எனவே 'ரிசல்ட்.எக்சாம்பிள்.ஆர்க்' என்ற மாற்றுப்பெயரை வைக்கிறோம். (எக்சாம்பிள்.ஆர்க் என்பது இதுபோன்ற விளக்கங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட பெயர்.) பின்னர் கிடங்கு மாறினாலும் டி.என்.எஸ். பதிவில் ஒரு வரியை மாற்றினால் போதும். பெற்றோர் பழைய பெயரிலேயே வரலாம்.

முடிச்சுக்கு இரு முனைகள்

டி.என்.எஸ்.-இல் எழுதிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. மணி ஒரு விடுதியில் தங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அஞ்சல்காரர் விடுதி வாசல்வரை வந்துவிட்டார். "மணிக்குக் கடிதம்" என்கிறார். விடுதிக் காப்பாளரின் ஏட்டில் மணி என்ற பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப்போகும். மேகச் சேமிப்பகமும் இப்படித்தான். ஒரே கணிப்பொறியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்வதால், வரும் வேண்டுகோளில் எழுதியுள்ள பெயரைப் பார்த்தே அது கோப்பை எடுத்துத் தருகிறது. ஆகவே மாற்றுப்பெயரை அங்கும் பதிய வேண்டும்.

இதை எஸ்3 தீர்க்கும் வழி எளியது: கிடங்கின் பெயரே மாற்றுப்பெயராக இருக்க வேண்டும். அஜூரில் மாற்றுப்பெயரைத் தனியே தெரிவிக்க வேண்டும். அது உடனே ஏற்காது. டி.என்.எஸ். பதிவு இந்தக் கிடங்கைச் சுட்டுகிறதா என்று சோதித்த பின்னரே ஏற்கும். அப்பெயருக்கு உரியவரால்தானே அப்பதிவை எழுத முடியும்!

நிரல் செய்யும் வேலை

ஒரு பெயரைக் கையாலேயே இணைத்துவிடலாம். முந்நூறு பள்ளிகளுக்குச் செய்ய வேண்டுமானால்? ஓர் எழுத்துப் பிழையும் இன்றிச் செய்ய நிரலே தகுந்தது. அதன் படிகள் இவை:

1. கிடங்கை உருவாக்கி, அதன் பதிவேட்டுப் பெயரைப் பெறு.
2. மாற்றுப்பெயருக்கு டி.என்.எஸ்.-இல் வேறு பதிவு உள்ளதா என்று பார். இருந்தால் நிறுத்து, சி-நேம் உள்ள பெயரில் மற்றப் பதிவுகள் இருக்கக்கூடாது.
3. சி-நேம் பதிவை எழுது.
4. பதிவு வெளியே தெரிகிறதா என்று கேள். தெரியவில்லையெனில் சற்றுக் காத்திருந்து மீண்டும் கேள்.
5. மாற்றுப்பெயரைக் கிடங்குக்குத் தெரிவி.
6. மாற்றுப்பெயர் வழியாக ஒரு சிறு கோப்பை வரவழைத்து, மூலக் கோப்புடன் ஒப்பிடு.

நான்காம் படியை அவசரக்காரர்கள் விட்டுவிடுவதுண்டு. டி.என்.எஸ். விடைகளை வழியிலுள்ள கணிப்பொறிகள் குறிப்பிட்ட காலம் நினைவில் வைத்திருக்கும். அக்காலம் 3600 நொடி என்று குறித்திருந்தால், ஒரு மணி நேரம்வரை சிலருக்குப் பழைய விடையே கிடைக்கக்கூடும்.

அவிழ்க்கும்போது கவனம்

கட்டுவதைவிட அவிழ்ப்பதில்தான் ஆபத்து அதிகம். தேர்வு முடிந்தது; இனிக் கிடங்கு வேண்டாம் என்று பள்ளி அதை அழித்துவிடுகிறது. டி.என்.எஸ். பதிவை மறந்துவிடுகிறது. இப்போது மாற்றுப்பெயர், ஆளில்லாத இடத்தைச் சுட்டிக்கொண்டு நிற்கிறது. காலியான கிடங்குப் பெயரைப் பல சேவைகளில் யார் வேண்டுமானாலும் பிறகு எடுத்துக்கொள்ள முடியும்.

அயலார் ஒருவர் 'ஸ்கூல்மார்க்ஸ்27' என்ற பெயரைப் பெறுகிறார். பள்ளியின் மாற்றுப்பெயரைத் தன் கிடங்குக்கு உரியதெனத் தெரிவிக்கிறார். சோதனை நடக்கிறது. பதிவு அந்தப் பெயரைத்தானே சுட்டுகிறது! சோதனையிலும் அவர் தேறிவிடுகிறார். இனி அவர் வைக்கும் பொய்யான மதிப்பெண்களும், கடவுச்சொல் கேட்கும் படிவமும் பள்ளியின் பெயரிலேயே தோன்றும். பெற்றோர் முகவரியை எத்தனை முறை சரிபார்த்தாலும் தவறு தெரியாது. ஏனெனில் முகவரி உண்மையானது.

தடுக்கும் வழி எளிது. முதலில் சி-நேம் பதிவை நீக்க வேண்டும். பழைய விடைகள் மறையும்வரை காத்திருக்க வேண்டும். கடைசியாகவே கிடங்கை அழிக்க வேண்டும். இணைக்கும் நிரலை எழுதும் நாளிலேயே, இவ்வரிசையில் பிரிக்கும் நிரலையும் எழுதிவைப்பது நல்லது.

நீங்களே செய்து பாருங்கள்: கணிப்பொறியின் கட்டளைச் சாளரத்தில் 'என்.எஸ்.லுக்கப்' என்னும் கட்டளையை ஆங்கில எழுத்துகளில், இடையில் புள்ளியின்றித் தட்டச்சு செய்து, ஓர் இடம் விட்டு, உங்களுக்குத் தெரிந்த இணையதளத்தின் பெயரைக் கொடுங்கள். சில தளங்களுக்கு, நீங்கள் கேட்ட பெயர் ஒன்றும் விடையில் வரும் பெயர் வேறொன்றுமாக இருக்கும். அங்கே ஒரு மணிக்குப் பின்னால் ஒரு சுப்பிரமணியன் இருக்கிறார் என்று அறிந்துகொள்ளுங்கள்.