டப்பாவா, கூடையா?

உருளைக்கிழங்கு கூடையில் கிடக்கிறது. வேண்டியதை எண்ணி எடுக்கிறோம். அரிசி டப்பாவில் இருக்கிறது. அதை எண்ணுவார் இல்லை, ஆழாக்கால் அளக்கிறோம். ஆங்கிலப் பெயர்ச்சொற்களையும் இப்படி இரண்டாகப் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

கூடைச் சொல்லுக்கு முன்னால் ‘எ’ அல்லது ‘அன்’ வரலாம், பன்மையில் எஸ் ஒட்டும்: எ பொட்டேட்டோ, டூ பொட்டேட்டோஸ். எத்தனை என்று கேட்க ‘ஹவ் மெனி’. டப்பாச் சொல்லுக்கு ‘ஹவ் மச்’. அதற்கு எ-யும் கிடையாது, எஸ்ஸும் கிடையாது. வெறும் ரைஸ், சால்ட், ஆயில். கணக்குச் சொல்ல ஆழாக்கு வேண்டும்: எ கப் ஆஃப் ரைஸ், டூ கப்ஸ் ஆஃப் ரைஸ். எஸ் ஒட்டுவது ஆழாக்கில், அரிசியில் அல்ல.

நாம் தடுக்கி விழுவது அட்வைஸ், இன்ஃபர்மேஷன், லக்கேஜ், ஃபர்னிச்சர் போன்ற சொற்களில். இவையும் டப்பாவில் இருப்பவை. நாற்காலியை எண்ணலாமே என்று கேட்டால், நியாயமான கேள்விதான். சேர் கூடைச் சொல்: ஃபைவ் சேர்ஸ். கட்டில், மேசை, பீரோ என எல்லாவற்றையும் சேர்த்துக் குறிக்கும் ஃபர்னிச்சர்தான் டப்பாவுக்குப் போய்விட்டது. பிரெஞ்சு மொழியிலோ தட்டுமுட்டுச் சாமானையும் எண்ணுகிறார்கள், அறிவுரையையும் எண்ணுகிறார்கள். எதை எங்கே வைப்பது என்பது அந்தந்த வீட்டுப் பழக்கம்.

அதனால்தான் ‘அட்வைசஸ்’ என்று எழுதிவிட்ட பிள்ளையை வகுப்பில் தலைகுனிய வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. தமிழில் ‘ரெண்டு தேங்காய்’ என்றாலே போதும், ‘கள்’ கட்டாயமில்லை. பன்மைக்காகச் சொல்லுக்குச் சொல் டப்பாவா கூடையா என்று யோசிக்கும் வேலையை நம் மொழி நமக்கு வைத்ததில்லை. அந்தப் பிள்ளைக்கு வேண்டியது சரியான ஆழாக்கு, அவ்வளவுதான். இங்கே அதன் பெயர் பீஸ்: எ பீஸ் ஆஃப் அட்வைஸ், டூ பீசஸ் ஆஃப் லக்கேஜ்.

சில பண்டங்கள் இடம் மாறும். முட்டை கூடையில் இருக்கும்வரை டூ எக்ஸ், த்ரீ எக்ஸ். உடைத்து அடிக்கும்போது சட்டையில் தெறித்தால், ‘தேர் இஸ் எக் ஆன் யுவர் ஷர்ட்’. அங்கே ‘அன் எக்’ என்றால் முழு முட்டையே சட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது என்று ஆகிவிடும். ‘ஐ ஏட் சிக்கன்’ என்றால் கறி சாப்பிட்டேன். ‘எ சிக்கன்’ என்றால் ஒரு முழுக் கோழி. ஹேரும் அப்படியே. தலையில் இருக்கும்வரை டப்பாச் சொல். சாம்பாரில் ஒற்றை இழை கிடந்தால், ‘தேர் இஸ் எ ஹேர் இன் த சாம்பார்’.