சரளை ரஸ்தாவுக்கு ஏற்ற ரோலர்

கிராமங்களில் பெருமுயற்சியுடன் போடப்படும் சரளை ரஸ்தாக்கள் பல, முதல் அடைமழையிலேயே சேறும் பள்ளமுமாகி விடுகின்றன. குற்றம் எப்பொழுதும் சரளையினுடையதன்று. அதனை இறுக்கிய விதத்திலும் உளது. கொட்டிப் பரப்பிய மண்ணினுள் காற்று நிற்கும் இடைவெளிகள் அநேகம். அவற்றைப் போக்காது விட்டால் மழைநீர் உட்புகும். வண்டிச் சக்கரம் அமிழ்ந்து தடம் விழும். ஆதலின் மண்ணின் குணமறிந்து ரோலரைத் தெரிந்தெடுத்தல் அவசியம்.

முதலாவது, இரும்புச் சக்கர ரோலர். 8 முதல் 10 டன் எடையுள்ள இது தன் பாரத்தினால் மட்டுமே அழுத்துவது. ஆகையால் இறுகிய பின் 100 மில்லிமீட்டருக்கு மேற்படாத அடுக்கிற்கே ஏற்றது. அதனினும் கனமாகப் பரப்பினால் மேற்புறம் கெட்டியாகி, அடிப்புறம் பொலபொலவென்றே இருந்துவிடும்.

இரண்டாவது, அதிர்வு ரோலர். உருளையினுள் சுழலும் சமனற்ற எடை அதிர்வை உண்டாக்க, கற்களும் மணலும் குலுங்கி ஒன்றன் இடுக்கில் ஒன்று அமர்கின்றன. மரக்காலைக் குலுக்கினால் நெல் அமிழ்வது போலாம். ஏறக்குறைய அதே எடையுள்ள அதிர்வு ரோலரால் 225 மில்லிமீட்டர் வரை இறுக்கலாம். சரளைக்கு இதுவே மிகவும் ஏற்றது. ஆயினும் பழைய மண்சுவர், கிணறு இவற்றின் அருகில் அதிர்வை நிறுத்தி ஓட்டுதல் நலம்.

மூன்றாவது, ஆட்டுக்கால் ரோலர். களிமண் அதிர்வுக்கு எளிதில் இணங்காது. அதனைப் பிசைந்து மிதித்தல் வேண்டும். இந்த ரோலரின் குளம்பு போன்ற முளைகள் அடிமண்ணை முதலில் இறுக்கும். மண் இறுக இறுக முளைகள் புதையாது மேலெழும்பும். களிமண் இட்டு மேடாக்கும் மனைகளுக்கு இது உரியது, சரளைக்கு உதவாது. ரோலர் நுழையாத மூலைகளில் மெல்லிய அடுக்குகளாக மண்ணிட்டுத் திமிசுக்கட்டையால் இடித்தல் வேண்டும்.

எந்த ரோலராயினும் ஈரம் அளவாக இருத்தல் வேண்டும். ஒவ்வொரு மண்ணும் ஒரு குறிப்பிட்ட ஈரத்திலேயே மிகுதியும் இறுகும் என்பதை 1933ஆம் ஆண்டில் அமெரிக்க எஞ்சினீயர் பிராக்டர் விளக்கினார். பொடி மண்ணில் ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும். உள்ளங்கையில் நீர் கசியலாகாது. உருண்டை உதிர்ந்தால் நீர் தெளிக்க. நீர் கசிந்தால் உலரவிடுக.

நேரான ரஸ்தாவில் ஓரங்களில் தொடங்கி நடுவை நோக்கி உருட்டுக. ஒவ்வொரு முறையும் முன் சென்ற தடத்தில் மூன்றில் ஒரு பங்கு மூடப்பட வேண்டும். ரோலரின் கீழ் மண் அசையும் வரையில் வேலை முடிந்ததாகாது. ஓட்டத்தைக் குறைத்து மிச்சம் பிடித்த பணம், மழைக்குப் பின் பள்ளம் நிரப்பவே செலவாகும்.